கிணற்று நீரும் குடத்து நீரும்

வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்போர் அளந்து இறைப்பதில்லை. தெருக்குழாயடியில் குடத்துடன் நிற்போரோ ஒரு துளியையும் சிந்த விடுவதில்லை. இணையத்தைப் பயன்கொள்வதிலும் இவ்விரு திறத்தாரை இன்று நாம் காண்கிறோம். வை-ஃபை அமைந்த இல்லத்தார் முதல் திறத்தார். கைப்பேசி டேட்டாவை மட்டுமே நம்பியிருப்போர் இரண்டாம் திறத்தார்.

இரண்டிற்கும் ஊர்தி வானலையே. வை-ஃபைக்குரிய தரநிலை 1997-இல் வெளிவந்தது. கம்பிவழி வீட்டை அடைந்த இணைப்பை அவ்வீட்டின் எல்லைக்குள் பரப்புவதே அதன் பணி. கைப்பேசி டேட்டாவோ கோபுரங்களின் வாயிலாக நாம் செல்லுமிடமெல்லாம் உடன் வருகிறது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருத்தலின் அதற்கு அளவு வகுக்கின்றனர்.

நம் நாட்டில் குடத்து நீரே மிகுதி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டாவின் விலை வீழ்ந்தது. எண்ணற்றோர் கைப்பேசியிலேயே இணையத்தை முதன்முதலில் கண்டனர். 2024 இறுதியில் இருந்த ஏறத்தாழ 94 கோடி அகலக்கற்றை இணைப்புகளுள் கம்பிவழி இணைப்புகள் 4 கோடி அளவினவே.

இவ்வேற்றுமை நம் வகுப்பறைகளிலும் புலப்படுகிறது. வை-ஃபை உடைய மாணவர் நூல் முழுவதையும் தரவிறக்கி ஓய்வாகப் படிக்கின்றார். நாளொன்றுக்கு 1.5 ஜிபி பெறுவோர் விரிவுரைக் காணொலியைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை மறுநாளைக்கு ஒத்திவைக்கின்றார். நள்ளிரவானால் எஞ்சியது கழிந்துவிடுமே என்று, வேண்டாத காட்சிகளைக் கண்விழித்துக் காண்போரும் உளர். காலையில் அவர்தம் சிவந்த விழிகளைக் காணும்போது நம் நெஞ்சம் வருந்துகிறது. சிக்கனம் கற்பிக்க வேண்டிய அளவே விரயத்தையும் கற்பித்துவிடுகிறது!

பெருந்தொற்றுக் காலத்தில் இக்குறை வெளிப்படையாயிற்று. இணையவழி வகுப்புகளின் பொருட்டு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர் 9 இலட்சத்து 69 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை விலையின்றி வழங்கத் தமிழக அரசு முன்வந்தது. டேட்டாவும் பாடநூலைப் போன்றதே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

செய்யத்தக்கன சிலவுண்டு. மாணவச் செல்வங்களே, கல்லூரி வளாகத்து வை-ஃபையில் பாடநூல்களைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். டேட்டாவை வழிநடைக்கும் அவசரத்திற்கும் காத்துவையுங்கள். பொதுவிட வை-ஃபையில் வங்கிக் கணக்கைத் திறவாதிருங்கள். எஞ்சிய டேட்டா கழிந்தால் கழியட்டும். உறக்கம் அதனினும் விலையுயர்ந்தது.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். 2020 டிசம்பரில் நடுவண் அரசு ஒப்பிய பிஎம்-வாணி திட்டத்தின்படி, சிறு கடைக்காரரும் உரிமமின்றிப் பொது வை-ஃபை வழங்கலாம். நம் தெருப் படிப்பகங்களிலும் அத்தகைய இணைப்பொன்று அமையட்டும். கிணறு வெட்டுவதை அறமெனப் போற்றிய மண் இது. இன்றைய கிணறு எதுவென உணர்ந்து தோண்டுவோமாக!