குட்டி யானைக்குப் பட்டை மாற்றுதல்

தமிழ்நாட்டில் குட்டி யானை என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் 2005இல் வந்தது. அதிலும் ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்திலும் பின்புறச் சுமையைத் தாங்குவது பட்டைக் கட்டு. நீளமான மெயின் பட்டை மேலே இருக்கும். அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டு, உள்ளே புஷ் ஏற்றப்பட்டிருக்கும். அதற்குக் கீழே படிப்படியாக நீளம் குறையும் பட்டைகள். நடுவே அத்தனையையும் துளைத்துச் செல்வது சென்டர் போல்ட். ஆக்சிலோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை யு போல்ட்டுகள். சுமை ஏறும்போது வளைவு நிமிர்ந்து கட்டு நீளும். அந்த நீட்சிக்கு இடம் வேண்டும் என்பதால் ஒரு முனை மட்டும் சாக்கிளில் முன்னும் பின்னும் ஆடும்படி தொங்கவிடப்படுகிறது. 1804இல் லண்டனில் ஒபதையா எலியட் குதிரைக் கோச்சுக்குக் காப்புரிமை பெற்ற நீள்வட்டப் பட்டை வில்லிலிருந்து இந்த அமைப்பு அடிப்படையில் அதிகம் விலகவில்லை.

தேய்மானத்தை முதலில் காது சொல்லிவிடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் 'டங்' என்று இரும்பு இடித்தால் புஷ் போயிருக்கிறது. வெறும் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பட்டை இளகியிருக்கும் அல்லது உடைந்திருக்கும். சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் நகர்ந்துவிடும். பின்னால் வருபவர் கண்ணுக்கு வண்டி கோணலாக ஓடுவது தெரியும். இந்த நிலையில் ஒரு நடைகூட ஓட்டக் கூடாது.

புஷ், சாக்கிள், யு போல்ட், சாக் அப்சார்பர் இவற்றை வீட்டு வாசலிலேயே மாற்றலாம். சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுபவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, சேசிஸை ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாத இடங்களில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் வழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. அந்தக் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவதும் அப்படித்தான். தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது எவ்வளவோ மேல்.

ஆக்சிலைத் தனி ஜாக்கியில் தாங்கி, பட்டையின் இறுக்கம் தளரும் அளவுக்கு மெல்ல இறக்கிய பிறகே நட்டுகளைத் தொட வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துருநீக்கி எண்ணெயை முந்தின இரவே விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதி புஷ்ஷில் இருக்கிறது. அதன் வெளிக்குழல் பட்டை வளையத்துக்குள் துருவோடு ஒட்டிக்கொண்டு சம்மட்டிக்கும் அசையாது. நெருப்பு வைத்து ரப்பரை எரிக்கிறார்கள் சிலர். அந்தச் சூடு பட்டையின் பதத்தைக் கெடுத்துவிடும். ஆக்ஸா பிளேடைத் துளைக்குள் நுழைத்து வெளிக்குழலை மட்டும் நீளவாக்கில் அறுப்பதே முறை. பிளேடு குழலைத் தாண்டி வளையத்தைக் கீறிவிடக் கூடாது. வெட்டு விழுந்ததும் குழல் சுருங்கி, இரண்டு தட்டில் வெளியே வரும். கழற்றிய சாக்கிள் பின்னைத் துடைத்து நகத்தால் தடவினால், சுமை அழுத்தின பக்கத்தில் மட்டும் நகம் ஒரு பள்ளத்தில் இறங்கும். மறுபக்கம் புதுசாகவே இருக்கும். அந்தப் பின்னைத் திருப்பிப் போட்டு ஓட்டுவது வீண் சிக்கனம்.

உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கக் கூடாது. அது பட்டறைக்குப் போக வேண்டும். லாரி பாடி கட்டும் ஊரான நாமக்கல்லில் இந்த வேலைக்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கான் கலந்த ஸ்பிரிங் எஃகை 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, வளைவு கொடுத்து, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி குறைந்த சூட்டில் பதம் போட வேண்டும். பதம் போடாத பட்டை கண்ணாடிபோல் உடையும். பழைய பட்டையைக் காய்ச்சாமல் அடித்து வளைவு ஏற்றுவதும் உண்டு. செலவு குறைவுதான், ஆனால் சீக்கிரமே பழையபடி இளகிவிடும். இரண்டு பட்டைகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒளிக்கீற்று வரும் இடத்தைப் பார்த்து அந்த இடத்தில் மட்டும் அடிக்கிறார் பட்டைக்காரர். அவருடைய அளவுகோல் அந்தக் கண்தான்.

பட்டறைக்கு வரும் வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்பது "ஒரு பட்டை சேர்த்துப் போடுங்க" என்பது. முக்கால் டன்னுக்குச் செய்த வண்டியில் இரண்டு மடங்கு ஏற்றுவதற்காகத்தான். பட்டை கூடினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் பிரேக்கும் ஆக்சிலும் டயரும் பழையவையே. 2019 சட்டத் திருத்தப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டுபவரோடு ஓட்டச் செய்பவரையும் சட்டம் குறிப்பிடுகிறது. ஆனால் ஒரே நடையில் முடித்துக்கொடு என்று வாடகையைப் பாதியாக்கும் புக்கிங் தரகர் அபராதமும் கட்டுவதில்லை, பட்டையும் வாங்கித் தருவதில்லை. லாபம் அவருக்கு, தேய்மானம் வண்டிக்காரருக்கு. இது அநியாயம்.

மறுபடி பூட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். யு போல்ட் புதியதாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை இறுக்கியது நீண்டு போயிருக்கும். நான்கு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை மட்டும், சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே முழுக்க இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யு போல்ட் நட்டுகளை மறுபடியும் இறுக்கியாக வேண்டும். சென்டர் போல்ட் துளையருகே பட்டை உடைவதற்கு, இறுக்காமல் விட்ட யு போல்ட்டே பெரும்பாலும் காரணம்.