பின்பக்கம் பார்க்கவும்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் தேக்காவுக்குப் போனால், தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மாதிரி இருக்கும். அப்படியொரு கூட்டம்! அதில்தான் என் பர்ஸ் காணாமல் போச்சு. உள்ளே ஊர் பாங்க்கின் ஏ.டி.எம். கார்டு. கணக்கில் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம்!

அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் எங்கே இருக்கும்? கார்டின் பின்பக்கம். கார்டு எங்கே? அதான் போச்சே, சார்!

வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா பாஸ்புக்கைப் பார்த்து ஒரு 1800 நம்பரைப் படித்தார். அடித்தால், அப்படியொரு நம்பரே இல்லையாம்! ரூமில் இருந்த மன்னார்குடி அண்ணன் சிரித்தார். "தம்பி, அது நம்ம நாட்டுக்குள்ளதான் பேசும். +91-னு ஆரம்பிக்கிற நம்பரைத் தேடு."

பிராஞ்ச்சுக்குப் பேசலாமென்றால் ஞாயிறு லீவு. திங்கள் காலை பத்துக்குத் திறக்கும்போது சிங்கப்பூரில் பகல் 12.30. அதுவரை திருடன் சும்மா இருப்பானா?

நல்லவேளை, கார்டை முடக்கும் பிரிவுக்கு மட்டும் ராத்திரி, பகல் கிடையாது. பாங்க்கின் இணையதளத்தில் +91 நம்பரைப் பிடித்து, இருபது நிமிஷம் மியூசிக் கேட்டு, கார்டை முடக்கினேன். கல்யாணப் பணம் பிழைத்தது.

அடுத்து ஃப்ளைட் ஏறப்போகும் நண்பரே! அந்த நம்பரை இன்றைக்கே டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். டைரியை மட்டும் பர்ஸோடு சேர்த்து வைக்காதீர்கள்!