மோசல் கரை நெடுக

பிரான்சின் வோஜ் மலையில், புசாங் கணவாயருகே 715 மீட்டர் உயரத்தில் பிறக்கும் மோசல் ஆறு, 544 கிலோமீட்டர் ஓடி ஜெர்மனியின் கோப்ளென்ஸில் ரைனோடு கலக்கிறது. மேல்பாதியில் ஒயின் தேடிப் போகிறவருக்கு அதிக வேலை இல்லை. தூல் நகரையொட்டிக் காமே திராட்சையில் வெளிர் ரோஜா நிறத்தில் ஓர் ஒயின் செய்கிறார்கள். லக்சம்பர்க் கரையில் செங்கன். எல்லைச் சோதனையைக் கைவிடும் 1985 ஒப்பந்தம் இங்கே ஆற்றில் நின்ற கப்பலில்தான் கையெழுத்தானது. இந்தப் பகுதி சுண்ணாம்புக்கல் பூமி. எல்ப்ளிங் என்ற பழைய ரகத்துக்கு ஏற்றது. புளிப்பு தூக்கலாக இருக்கும், வெயிலுக்கு நல்லது.

ட்ரியரைத் தாண்டினால் கரை கறுக்கிறது. ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் பல்பத்தால் எழுதிய அதே சிலேட்டுக் கல், தகடு தகடாக உடைந்து சரிவெங்கும் கிடக்கிறது. பகலில் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல விடும். இவ்வளவு வடக்கே ரீஸ்லிங் திராட்சை பழுப்பதற்கு அந்தச் சூடும், தெற்கு பார்த்த சரிவும் வேண்டும். ஆறு வளைந்து வளைந்து போவதால் நல்ல சரிவு ஒரு வளைவில் இந்தக் கரையில் இருக்கும், அடுத்த வளைவில் அந்தக் கரையில்.

அழகான ஊர்கள்தான், ஆனால் சுகமான பிழைப்பு அல்ல. ஜெர்மானிய அரசுகளின் 1834 சுங்க ஒன்றியத்துக்குப் பிறகு தெற்கு ஜெர்மனியின் ஒயின் வரியில்லாமல் வந்து இறங்க, இங்கே விலை சரிந்தது. அந்த அவலத்தை 1843இல் 'ரைனிஷே ட்ஸைட்டுங்' ஏட்டில் எழுதியவர் ட்ரியர்க்காரரான கார்ல் மார்க்ஸ். அவர் குடும்பத்துக்கே அருகில் சிறு திராட்சைத் தோட்டம் இருந்தது. சில மாதங்களில் ஏடு தடைசெய்யப்பட்டது. அரசியலிலிருந்து பொருளாதாரத்தின் பக்கம் தன்னைத் திருப்பியவற்றில் மோசல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என்று மார்க்ஸ் சொன்னதாக எங்கல்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

பீஸ்போர்ட்டில் 4ஆம் நூற்றாண்டு ரோமானியத் திராட்சை ஆலை ஒன்றைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள். இந்த ஊர்ப் பெயரை லேபிளில் பார்த்ததும் மயங்க வேண்டாம். கூடவே 'கோல்ட்ட்ரோப்ஃஹன்' என்றிருந்தால் அது செங்குத்துச் சரிவின் ஒயின். 'மிஷெல்ஸ்பெர்க்' என்றிருந்தால் அது 1971 சட்டம் தந்த வசதியில் சுற்றுவட்டாரத்துச் சமவெளியையும் சேர்த்துக்கொண்ட பெயர். விலையே சொல்லிவிடும்.

சரிவில் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பந்தல் கிடையாது, கொடிக்கு ஒரு கழி. இரண்டு கிளைகளை இருபக்கமும் வளைத்து, இதய வடிவில் கழியோடு கட்டுகிறார்கள். டிராக்டர் ஏறாது. பல்சக்கரம் கடிக்கும் ஒற்றைத் தண்டவாளத்தில், இருக்கை ஒன்றுள்ள சிறு வண்டி முனகிக்கொண்டு கூடைகளை ஏற்றி இறக்குகிறது. மற்றதெல்லாம் கையும் முழங்காலும். ஒரு குடும்பத்தின் நிலம் பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். ஒரு துண்டின் விளைச்சல் ஒரு ஃபூடர் பீப்பாயோடு முடிந்துவிடலாம்: 1000 லிட்டர், சுமார் 1300 பாட்டில். 'சிறு உற்பத்தி' என்று கடைக்காரர்கள் இன்று பெருமையாக விற்பது இங்கே யாரும் தேர்ந்தெடுத்ததல்ல, மலை அவ்வளவுதான் விட்டது.

ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு 65 பாகை வரை நிமிர்கிறது. ஐரோப்பாவிலேயே செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. அடுத்த ஊரில் ரயில் நான்கு கிலோமீட்டர்ச் சுரங்கத்தில் புகுந்து கோகெமில் வெளிவருகிறது. ஆறு அதே ஊருக்குச் சுமார் இருபது கிலோமீட்டர் சுற்றுகிறது. ரயிலை விட்டு ஆற்றோடு போவதே லாபம். கைவிடப்பட்டுப் புதர் மண்டிய படிக்கட்டு நிலங்களும் கண்ணில் படும்.

கடைசிக் கட்டமான விநிங்கனில் சரிவு முழுக்கக் கற்சுவர்ப் படிகள். இந்தக் கரையோர ஊர்களில் வாசலில் துடைப்பமோ தழைக்கொத்தோ தொங்கும் வீட்டைத் தேடுங்கள். சொந்த ஒயினை, ஆண்டுக்கு நான்கு மாதம், 40 இருக்கைக்கு மிகாமல், உரிமம் இல்லாமலே விற்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஊற்றிக் கொடுப்பவரே பெரும்பாலும் கொடி கட்டியவராக இருப்பார். எந்தத் துண்டு நிலம் என்று கேட்டால் ஜன்னல் வழியே காட்டவும் கூடும். எட்டு சதவீத ஆல்கஹாலில் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும் காபினெட் ஒயினைக் கேட்டு வாங்குங்கள். கோப்ளென்ஸ் இன்னும் பத்துச் சொச்சம் கிலோமீட்டர்; அங்கே ஆறுகள் கூடும் முனையில் குதிரைமேல் கைசர் வில்ஹெல்ம் சிலையாக இருக்கிறார், அவரை மெதுவாகப் பார்க்கலாம்.