உலக முடிவைக் காணப் புறப்படுமுன்

முதன்முறை நுவரெலியா செல்வோர் தங்குமிடத்திலிருந்தே பயணக் கணக்கைத் தொடங்குவது வழக்கம். நாமோ காலை ஒன்பது மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோம்.

காரணம் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியிலே ‘உலக முடிவு’ என வழங்கும் செங்குத்துப் பாறை இருக்கின்றது. அதன் விளிம்பில் நின்றால் ஏறத்தாழ 870 மீற்றர் கீழே பள்ளத்தாக்கு விரியும். ஆனால் ஒன்பது, பத்து மணியளவில் மூடுபனி எழுந்து யாவற்றையும் மறைத்துவிடும். பிந்தியவர்கள் வெண்திரையைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். எம்முடன் வரும் அன்னையாருக்கு வயது எழுபத்திரண்டு. “இன்னொருமுறை பார்க்கலாம்” என்று சொல்லித் தேற்றத்தக்க பயணமன்று இது.

1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்ட இச்சமவெளி, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் நீரூட்டும் மேட்டு நிலம் இது. மரைகள் மேயும் புல்வெளியில் தை, மாசி மாதங்களில் உறைபனி படிவதுமுண்டு. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். சமவெளியோ 2,100 மீற்றருக்கும் மேல். நகரக் குளிருக்குப் போதுமான கம்பளிச் சட்டை அங்கே விடியற்காலையில் போதாது.

வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். ஆகவே நாலரை மணிக்கே வாடகை வானில் ஏற வேண்டும். அதற்கு முதல்நாள் மாலையே நகரை அடைந்து உறங்கியிருத்தல் அவசியம். புகையிரதத்தில் நானுஓயாவில் இறங்குவதே இன்பம். ஆயினும் 2025 நவம்பரில் வீசிய ‘டித்வா’ சூறாவளி மலைநாட்டுப் பாதையைச் சேதப்படுத்தியதால், வண்டி ஓடுகின்றதா, சமவெளியின் நடைபாதைகள் திறந்துள்ளனவா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளல் நன்று. சித்திரை மாதம் வேண்டாம். வசந்த காலக் கொண்டாட்டத்தில் அறைக் கட்டணமும் கூட்டமும் ஒருங்கே ஏறிவிடும்.

சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். முதலிற் பாறை விளிம்புக்கே நடப்போம். பேக்கர் நீர்வீழ்ச்சி திரும்பும் வழிக்கு இருக்கட்டும். பனி மூடினாலும் வீழ்ச்சியின் ஓசையாவது கேட்குமல்லவா? அன்னையார் களைத்தால் ஒருவர் அவருடன் பின்தங்குவதென்றும் ஒப்புக்கொண்டோம். அவரோ, “என்னை விட்டு ஒருவரும் முன்னே ஓடாதீர்கள்; நானே முன்னே நடக்கிறேன்” என்கிறார்.

வாயிலிலே பொலித்தீன் பைகளை வாங்கி வைத்துவிடுவார்கள். எனவே காலை உணவுக்கு இடியப்பமும் சம்பலும் வாழையிலையிற் கட்டப்படும். பிற்பகலில், அன்னையாரின் விருப்பப்படி, சீதா எலியாவிலுள்ள சீதையம்மன் கோயில்.