யாரோ நட்ட நிழலில்...

உங்கள் வீட்டில் இறப்பர் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். சீனிப் பையை இறுக்கிக் கட்டிய வளையம், பாத்திரம் கழுவும் கையுறை, மகன் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டு வரும் அழிறப்பர், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் டயர் என்று எண்ணப் போனால் கைவிரல்கள் போதா. செயற்கை இறப்பர் எவ்வளவு வந்தாலும், மரத்தின் பாலிலிருந்து வரும் இறப்பர் இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

அந்த மரம் நம் நாட்டு மரமல்ல. பிரேசில் காட்டு மரம். ஆசியாவில் அது முதன்முதலாக வேரூன்றி நிலைத்த மண்ணோ நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்புக் கோட்டையில் புகையிரதம் ஏறினால் ஒரு மணித்தியால அளவில் கம்பஹாவில் இறங்கலாம். அங்கிருந்து சிறிது தூரத்தில், அத்தனகலு ஓயாவை ஒட்டி, ஹேனரத்கொட தாவரவியல் பூங்கா இருக்கிறது. திஹாரியிலும் கஹட்டோவிட்டவிலும் வாழும் சகோதரிகளுக்கு இது அடுத்த வீடு மாதிரி. ஆனாலும் அந்த வாசலுக்குள் கால் வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்தப் பூங்கா பிறந்த கதையைக் கேளுங்கள். 1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பிடித்தது. கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிய, வெள்ளைக்காரர் வேறு பயிர்களைத் தேடினர். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அதைக் களவு என்று சொல்கின்ற பிரேசில் மக்களும் உண்டு. அந்த விதைகளில் நூற்றுக்கு ஐந்து கூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் ஏறக்குறைய 1,900 கன்றுகள் கண்ணாடி பதித்த பெட்டிகளில் வைக்கப்பட்டு, அதே ஆண்டு கப்பலில் இலங்கைக்கு வந்தன.

1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்கா அப்போதே இருந்தது. காய்ச்சல் மருந்து தரும் சிங்கோனாவுக்காக 1861இல் ஹக்கலையும் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் இறப்பருக்குத் தாழ்நிலத்தின் வெப்பமும் மழையும் வேண்டும். அதற்காகவே 1876இல் ஹேனரத்கொட உருவானது. அந்த மரங்கள் வளர்ந்து காய்த்த பிறகு, அவற்றின் விதைகள் இந்தியா முதலிய நாடுகளுக்கும் போயின. கன்று அனுப்பிய துரைமாரின் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிய கைகள் யாருடையவை என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். துரைமார் இலாபத்தைக் கொண்டு போய்விட்டார்கள். நிழல் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

இனி அந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள ஊரைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கம்பஹா மாவட்டத்தில் சுமார் 23 இலட்சம் பேர் இருந்தனர். 2024 கணக்கெடுப்பில் அத்தொகை 24 இலட்சத்தைத் தாண்டி, கொழும்பு மாவட்டத்தையும் முந்திவிட்டது. வயல் நிரப்பப்படுகிறது. தென்னந்தோட்டம் துண்டு போடப்பட்டு 10 பேர்ச், 8 பேர்ச், 6 பேர்ச் என்று விலை பேசப்படுகிறது. 2024 ஒக்டோபரில் அத்தனகலு ஓயா பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது, மழை இறங்க நாம் மண்ணை எங்கே மீதி வைத்தோம் என்று கேட்கத் தோன்றியது.

இந்த மாற்றத்தில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள் என்பேன். நம் உம்மும்மாமார் வாழ்ந்த வீடு சிறியதாக இருந்தாலும் அதற்கு ஒரு வளவு இருந்தது. பலாவும் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. அஸர் தொழுதுவிட்டு அந்த நிழலில் உட்கார்ந்து தலை வாரினார்கள். மனக்குறையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் இறக்கி வைத்தார்கள். இன்று ஆண்களுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது, சந்தி இருக்கிறது, மைதானம் இருக்கிறது. பெண்ணுக்கு வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே நாலடி மிஞ்சுகிறது. சீனி வருத்தம் என்று போனால் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். எங்கே நடப்பது?

என் சாச்சியின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். சாச்சா மௌத்தாகி, நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்தார். ஆனால் முடிந்த பிறகும் அவர் அறையை விட்டு வரவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், "சாச்சி, கம்பஹா மல்வத்தைக்குப் போய் வருவோம்" என்று கூப்பிட்டேன். "என்னத்துக்கு மகள் இதெல்லாம்? புருஷன் மௌத்தாகி வருஷமும் ஆகல்ல, டிரிப் போறாளாம் எண்டு சனம் பேசும்" என்றார். அவருடைய மகனுக்கும் விருப்பமில்லை. மருமகள்தான் பேரப்பிள்ளைகளைச் சாட்டாக வைத்து அவரை வெளிக்கிட வைத்தாள்.

உள்ளே போய் மெல்ல நடந்தோம். இறப்பர் மரங்களின் கீழே டப்பென்று ஒரு சத்தம். காய் வெடித்து, புள்ளி விழுந்த விதைகள் சிதறின. பேரன் ஓடிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து சாச்சியின் கையில் வைத்தான். அதைப் பார்த்தவுடன் அவருடைய முகம் மாறிற்று. "நாங்க சின்னதில இத கல்லில தேச்சு, சூடாக்கி, ஒருத்தர்ட கையில ஒருத்தர் வைப்போம்" என்றார். பிறகு மத்துகமப் பக்கம் தன் உம்மா வீட்டைப் பற்றி, விடியற்காலையில் பால் வெட்டப் போகும் பெண்களைப் பற்றி, பால் வடிந்த சிரட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார். பல மாதங்களுக்குப் பின் அவருடைய குரலை முழுதாகக் கேட்டது அன்றுதான்.

வாங்கில் உட்கார்ந்த பிறகு, மனதில் கிடந்ததும் வெளியே வந்தது. சாச்சா நட்ட ரம்புட்டான் மரம் ஒன்று வீட்டு வளவில் நிற்கிறது. மல்வானையிலிருந்து கொண்டு வந்த ஒட்டுக்கன்று. வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று மகன் அதை வெட்டப் பார்க்கிறாராம். "அவர்ட கையால வச்ச மரம் மகள். அணில் திண்டாலும் வௌவால் திண்டாலும் அவருக்குத்தானே நன்மை" என்று சொல்லி அழுதார். அன்றிரவே அதை மகனிடமும் சொன்னார். மகன் பதில் பேசவில்லை. மரம் இன்னும் நிற்கிறது.

சாச்சி சொன்னது வெறும் பாசமல்ல, மார்க்கம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ மிருகமோ பறவையோ தின்றால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். அது எங்கே சொல்லப்பட்டது தெரியுமா? ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அறிவிப்பின்படி, உம்மு முபஷ்ஷிர் (ரழி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் பேரீச்சந் தோட்டத்துக்கு நபி (ஸல்) அவர்கள் வந்து, அதை நட்டவர் யார் என்று விசாரித்த வேளையில்தான்! ஒரு பெண்ணின் தோட்டத்தில் பிறந்த நற்செய்தி அது.

இன்னொரு சம்பவமும் அதே கிரந்தத்தில் இருக்கிறது. ஜாபிர் (ரழி) அவர்களின் தாயாருடைய சகோதரி தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தபோது, தன் மரத்துப் பேரீச்சம் பழத்தைப் பறிக்க வெளியே போக விரும்பினார். ஒருவர் அவரைக் கண்டித்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். போய்ப் பறித்துக்கொள்ளும்படியும், அதிலிருந்து அவர் தருமமோ நன்மையோ செய்யக்கூடும் என்றும் நபியவர்கள் சொன்னார்கள். கண்டித்தவரின் பேச்சு நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் தேவைதான் நின்றது. அப்படியிருக்க, இத்தாவை முறையாக முடித்த ஒரு பெண் ஒழுக்கத்தோடு மரநிழலில் நடந்து வருவதைக் குறை சொல்ல நாம் யார்?

"அங்கே இளஞ்சோடிகள் குடைக்குள் ஒளிந்திருப்பார்களே, பிள்ளைகளை எப்படிக் கூட்டிப் போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குடும்பங்கள் விலக விலகத்தான் ஓர் இடம் கெட்டுப் போகிறது. காலையிலேயே போங்கள், கூட்டமாகப் போங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அபாயாவோடு பொது இடங்களுக்குப் போகத் தயங்கிய சகோதரிகள் பலர். அன்று வாங்கடியில் கூட்டிக்கொண்டிருந்த சிங்களப் பெண் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, அழுத சாச்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்ன துக்கம் என்று கேட்டார். தானும் விதவை என்றார். வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த ஆறுதல் கிடைத்திருக்குமா?

போகும்போது தண்ணீரும் சாப்பாடும் தொழுகை விரிப்பும் கொண்டு போங்கள். சாப்பிட்ட இடத்தைத் துப்புரவாக்கிவிட்டு எழும்புங்கள். பொதுச் சொத்து நம்மிடம் உள்ள அமானத். பிள்ளைகள் கொப்பை முறிக்கவோ மரப்பட்டையில் பெயர் செதுக்கவோ விடாதீர்கள். விதைகளையும் கன்றுகளையும் கேட்காமல் எடுக்கவும் வேண்டாம். வயதான மாமியையும், வீட்டோடு கிடக்கும் விதவைச் சகோதரியையும் முதலில் வாகனத்தில் ஏற்றுங்கள். அவர்களுக்கு மருந்தை விட அந்தக் காற்று அவசரமாகத் தேவைப்படலாம்.

திரும்பி வந்ததும் உங்கள் நாலடி இடத்தைப் பாருங்கள். ஒரு பழைய வாளியில் கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம். மதிலோரம் ஒரு முருங்கைத் தடி ஊன்றலாம். அதில் ஒரு பிடி இலையைப் பக்கத்து வீட்டாரும் ஒடித்துப் போகட்டும். யாரோ நட்டதில் நாம் நிழல் காய்ந்தோம். நாம் நட்டதில் யாரோ நிழல் காய, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.