பட்டன் குறைந்தால் ஒளி தெரியும்!

பத்தாம் வகுப்பில் 'ஒளியியல்' பாடம் வந்ததும் பல பிள்ளைகள் இருட்டில் நிற்கிறார்கள். என் தங்கை மகளும் அந்தக் கட்சி. "ப்ளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்துக்கறேன் மாமா. சயன்ஸ் நமக்கு ஒத்துவராது" என்றாள்.

கம்ப்யூட்டரில் இரண்டு சிமுலேஷன்களைத் திறந்தேன். முதலாவதில் விமானி அறை மாதிரி ஏகப்பட்ட பட்டன்கள். "இதை ஓட்ட லைசென்ஸ் வேணுமா?" என்றாள். மூடிவிட்டேன்.

அடுத்தது 'ஃபெட்'. 2001-ல் இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன், மறுவருடம் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்தது. காலணா செலவில்லை. ஒரு லேசர், ஒரு சிவப்பு பட்டன், ஒரு கோணமானி.

மேலே தண்ணீர், கீழே காற்று என்று வைத்தேன். "லேசரைச் சாய்ச்சுக்கிட்டே போனா என்ன ஆகும்? முதல்ல சொல்லு, அப்புறம் தொடு!"

"இன்னும் வளையும்."

வளைந்தது. 49 டிகிரியைத் தாண்டியதும் காற்றுக்குள் போகாமல் மொத்தமும் தண்ணீருக்கே திரும்பிவிட்டது!

"ஐயோ, ஏன் மாமா?"

திரையில் பார்த்தது மட்டும் போதாதே! கிண்ணத்தில் நாணயத்தைப் போட்டு, அது விளிம்பில் மறையும்வரை அவளைத் தள்ளி உட்காரவைத்தேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற, நாணயம் மெள்ளத் தலைகாட்டியது. மறுபடி ஒரு 'ஏன்'.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பும் பெற்றோரே, பிள்ளை பட்டனைப் பற்றிக் கேட்டால் மூடிவிடுங்கள். ஒளியைப் பற்றிக் கேட்டால் பக்கத்தில் உட்காருங்கள்!