பழைய பேரு... புது வண்டி! குருவிகுளம் கரிசலில் ஒரு யெஸ்டி

"ஏ தம்பி, இது யெஸ்டிதான? கிக்கரை எங்கப்பா காணோம்?"

குருவிகுளத்தில் டீக்கடை முன்னால் புது யெஸ்டி ரோட்ஸ்டர் ஒன்றை நிறுத்திப் பாருங்கள். அறுபதைத் தாண்டிய ஒருவராவது இப்படிக் கேட்காமல் விடமாட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. பழைய யெஸ்டியில் இடதுபக்கம் இருப்பது ஒரே லிவர்தான். உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் அது கிக்கர். உதைத்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் முன்னால் தள்ளினால் அதுவே கியர். இந்த வித்தை தெரியாதவர் கையில் சாவியைக் கொடுத்தாலும் வண்டி கிளம்பாது. புது யெஸ்டியிலோ ஒரு பட்டன்; தொட்டால் போதும்.

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே, கழுகுமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது குருவிகுளம். 2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் ஒன்றியத் தலைநகரங்களில் ஒன்று. சுற்றிலும் கரிசல் காடு. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் விளையும் மானாவாரி பூமி. மேற்கே பார்த்தால் மலைத்தொடர். ஆடி மாதக் காற்றில் பைக்கில் போகிறவரை ஓரமாகத் தள்ளிவிடும் அளவுக்கு வெட்டவெளி.

22 வருட இடைவெளி

யெஸ்டியின் கதை ஜாவாவில் தொடங்குகிறது. 1929-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த கம்பெனி அது. நிறுவனர் யானெச்செக்கின் பெயரில் பாதி, வாண்டரர் என்ற ஜெர்மன் வண்டியின் பெயரில் பாதி சேர்ந்து 'ஜாவா' ஆனது. 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை ஓடத் தொடங்கியது. 1973-லிருந்து அந்த வண்டிகளுக்கு யெஸ்டி என்று பெயர். நிறுவனர்களின் பூர்வீகமான ஈரானின் யாஸ்த் நகரை நினைத்து வைத்த பெயர் அது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். வண்டி போன தெருவில் புகை அடங்கக் கொஞ்ச நேரமாகும்.

1996-ல் மைசூர் ஆலை மூடப்பட்டது. 2018 நவம்பரில்தான் மஹிந்திரா குழுமத்தின் முதலீட்டோடு வந்த கிளாசிக் லெஜெண்ட்ஸ் நிறுவனம் ஜாவாவை மறுபடி கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் யெஸ்டியும் வந்தது. ரோட்ஸ்டரின் அறிமுக விலை டெல்லி ஷோரூமில் 1.98 லட்சம். 334 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் இன்ஜின், ஆறு கியர், ஏபிஎஸ் பிரேக். இரட்டை சைலன்சர் மட்டும் அப்படியே இருக்கிறது. தயாராவது மைசூரில் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில்.

நடுவில் போன அந்த 22 வருடத்தின் அருமை கிராமத்தில்தான் தெரியும். என்ஃபீல்டு கதை வேறு. 1955-ல் சென்னையில் தொடங்கிய அந்தத் தயாரிப்பு, இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் நிற்கவில்லை. அதனால் மெக்கானிக்கிடமிருந்து அடுத்த மெக்கானிக்குக் கைப்பழக்கம் போய்க்கொண்டே இருந்தது. யெஸ்டிக்கு அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. பழைய யெஸ்டியின் பிளக்கைக் கழற்றித் துடைத்து, பாயிண்டை உரசி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஓடவைத்தவர், புது யெஸ்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சென்சார் சொல்வதைப் படிக்க, பட்டறையில் அதற்கென்று தனிக் கருவி வேண்டும்.

ஆகவே கிராமத்தில் இந்த வண்டியை வாங்க நினைப்பவர் மைலேஜுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்? பார்ட்ஸ் சொன்னால் எத்தனை நாளில் வரும்? 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல சேதி. ஆனால், மிச்சமான பணத்தை சர்வீஸுக்குப் போய் வரும் அலைச்சல் தின்றுவிடக் கூடாது.

மண்ணுக்கும் வண்டிக்கும்

கரிசல் மண் மழையில் ஊதும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தார் ரோடும் நாளடைவில் அலை அலையாகிவிடும். கனமான வண்டியை இங்கே நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். மழை நாளில் காட்டுப் பாதையில் இறக்கினால், சக்கரத்தில் அப்பும் களி மட்கார்டை அடைத்து வண்டியை நிறுத்திவிடும். வீட்டுக்கு வந்ததும் ரேடியேட்டரில் ஒட்டிய சேற்றை மெல்லிய தண்ணீரில் கழுவிவிடுவது நல்லது. பீய்ச்சி அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் வளைந்துபோகும். கோடையில் ஏர் ஃபில்டரையும் செயினையும் புழுதி விடாது. கூலன்ட் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். பழைய யெஸ்டி காற்றிலேயே குளிர்ந்ததால் இந்தக் கவலை அதற்கு இல்லை.

இவ்வளவும் பார்த்துக்கொண்டால், காலை வெயில் ஏறுமுன் கழுகுமலைக்கு ஒரு சவாரி போய்வரலாம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த ஊர் முருகன் மேல்தான். மலைமேல் வெட்டுவான் கோயில். 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செதுக்கியது. மேலே ஒவ்வொரு சிற்பமும் உயிரோடு இருக்கிறது. அடிப்பகுதி மட்டும் முடியவில்லை. சுமார் 1,200 வருடமாக அந்த வேலை விட்ட இடத்திலேயே நிற்கிறது. பாறை இருக்கிறது; உளி பிடித்த கைகள்தான் இல்லை.

மாலையில் சங்கரன்கோவில் பக்கம் வண்டியைத் திருப்பினால், சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட்டு, புற்றுமண் பிரசாதத்தோடு இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடலாம்.

ஜூலை மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஜாவா, யெஸ்டி பிரியர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1996-க்கு முந்தைய வண்டிகள் இன்றும் அங்கே ஓடி வருகின்றன என்றால், காரணம் கம்பெனி இல்லை. கம்பெனியே இல்லாத 22 வருடமும் அவற்றைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டிய மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும்தான் காரணம்.

பேரை ஒரு கம்பெனி திரும்பக் கொண்டுவந்துவிட்டது. கைப்பழக்கத்தை ஊர்தான் கொண்டுவர வேண்டும். இன்று பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன் நாளைக்கு இந்த இன்ஜினையும் திறக்கக் கற்றுக்கொண்டால், கிக்கரைத் தேடிய அந்தப் பெரியவரின் பேரனும் பயமில்லாமல் ஒரு யெஸ்டி வாங்கலாம்.